இரண்டாவது நட்டு

டம்ளருக்குள் இரண்டு நட்டு இருந்தது.

சின்னவன் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கண்ணாடியில் படிந்திருந்த வெண்பனியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முக்கால் டம்ளர் பனிக்கட்டி. அதன் மேல் ஓர் இரும்பு நட்டு உட்கார்ந்திருந்தது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் பனிக்கட்டிக்கு அடியில், டம்ளரின் தரையில், இன்னொரு நட்டு கிடந்தது. அவன் அம்மாவிடம் கொடுத்தது ஒன்றே ஒன்று. இரண்டாவது எங்கிருந்து வந்தது?

"டப்பா எடுக்கப் போனவன் என்னடா டம்ளரப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

கூடத்திலிருந்து அண்ணனின் குரல். அம்மாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கூடத்தில் பதினைந்து பேர், காலையிலிருந்து வெறும் டீயோடு, யார் முதலில் பசி என்று சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஃப்ரீசர்ல அம்மா செஞ்சு வச்சது இருக்கு. எடுத்துச் சுட வைப்போம்" என்று அண்ணன்தான் சொன்னான். எடுத்து வருகிறேன் என்று சின்னவன் எழுந்து வந்தான். மேல்மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீசர். மூடியைத் தூக்கியதும் முதலில் கையில் பட்டது இந்த டம்ளர்.

டம்ளர் வைக்கச் சொன்னது அவன்தான். மூன்று வருடம் இருக்கும். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்காவது விளக்கிச் சொன்னால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அண்ணன் கேட்கமாட்டான். அம்மா கேட்பாள், நடுவில் கேள்வியும் போடுவாள்.

"ஊருக்குப் போயிருக்கும்போது கரண்ட் போயிருச்சுன்னு வச்சுக்கோ. உள்ள இருக்கறதெல்லாம் இளகிடும். அப்புறம் கரண்ட் வந்து மறுபடி உறைஞ்சிடும். நீ திரும்பி வந்து பாத்தா டப்பா கல்லு மாதிரிதான் இருக்கும். கெட்டது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"மோந்து பாப்பேன்."

"உறைஞ்சதுல வாசனை வராது. அதுக்குத்தான் இது. டம்ளர்ல தண்ணி உறைஞ்சதும் மேல இந்த நட்டை வை. பனிக்கட்டி பனிக்கட்டியாவே இருந்தா நட்டு மேல இருக்கும். தண்ணியாச்சுன்னா முழுகிடும். மறுபடி உறைஞ்சாலும் மேல ஏறி வராது. அடியில கிடந்துச்சுன்னா எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிடு."

அம்மா நட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "வீட்டுல ஒருத்தனாவது பொய் சொல்லாம இருக்கட்டும்" என்றாள்.

அந்த நட்டு இப்போது அடியில் கிடந்தது. அப்படியென்றால் ஃப்ரீசர் ஒரு முறை நின்றிருக்கிறது, கொஞ்ச நேரமல்ல, டம்ளர் முழுக்கத் தண்ணீராகும் அளவுக்கு நின்றிருக்கிறது. அது போகட்டும். கரண்ட் போவதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் நட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு, மேலே இன்னொன்றை எடுத்து வைத்து எதுவும் நடக்காதது போல மூடியைச் சாத்த ஒரு கை வேண்டும். யாருடைய கை?

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று தடவை கேட்டது காதில் மறுபடி ஒலித்தது. "என்ன சாப்பிட்டாங்க?" மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, உடம்பில் உப்பு இறங்கி, நான்காம் நாள் காலையில் அம்மாவின் இதயம் நின்றது. "வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்று மூன்று தடவையும் பதில் சொன்னது அண்ணி.

அவன் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு ஃப்ரீசர் மூடியைச் சாத்தினான்.

கூடத்துக்கு வந்தபோது அவன் கையில் டப்பா இல்லை.

"இதுல இருக்கற எதையும் யாரும் சாப்பிட வேண்டாம்" என்றான். "பிரட்டு, பழம் வாங்கிட்டு வரச் சொல்லலாம்."

"ஏன், என்ன கேடு?" அண்ணன் எழுந்து வந்தான். பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற வேலை அவனுக்கு. எதுவும் சொன்னபடி நடக்காவிட்டால் நெற்றி நரம்பு புடைக்கும். "அம்மா கையால செஞ்சதுடா. இனிமே கிடைக்குமா? அதைப் போய் வேண்டாங்கற."

"இளகி, மறுபடி உறைஞ்சிருக்கு."

அண்ணன் சமையலறைக்குள் போய் ஒரு டப்பாவை எடுத்து மேடையில் தட்டினான். டொக் என்றது. "கல்லு மாதிரி இருக்கு."

"இளகி உறைஞ்சாலும் கல்லு மாதிரிதான் இருக்கும்."

"ஆரம்பிச்சுட்டான். சரி, டப்பாவ எடுத்துட்டு வாடான்னா அதையும் பாதியில விட்டாச்சு. அரைவேலை!"

அது அவனுக்குச் சின்ன வயதிலேயே வைத்த பெயர். அரைவேலை. பாதி கழற்றிய ரேடியோ, பாதி ஒட்டிய பட்டம். இப்போதும் அப்படித்தான்; எந்த வேலையில் இருந்தாலும் எங்காவது லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாக போன் வந்தால் போட்டது போட்டபடி ஓடுவான். அம்மா இருந்தால் இந்த இடத்தில் குறுக்கே வந்து, "அவன் ஓடுறது உயிரக் காப்பாத்த. நீ உக்காந்து மணி பாக்கற ஆளு" என்று சொல்லியிருப்பாள். இப்போது சொல்ல ஆளில்லை.

அண்ணி சமையலறை வாசலுக்கு வந்தாள். "இத்தனை நாளா நாங்களும் இதுல இருந்துதானே தம்பி சாப்பிடுறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சின்னவனுக்கு அந்த வாக்கியம் முள்ளாகத் தைத்தது. ஒரே பெட்டியில் இருந்து மூன்று பேர் சாப்பிட்டு, ஒருவருக்கு மட்டும் எப்படி ஆகும்?

பிரட்டும் பழமும் வந்தன. சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாலு மணிக்கெல்லாம் வீட்டில் மிஞ்சியது அண்ணன், அண்ணி, அவன், பிறகு அம்மாவின் தங்கை. சித்திக்கு எந்தத் துக்கத்திலும் வாய் ஓயாது.

சின்னவன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் இளக வைத்துவிட்டு, ஃப்ரீசரில் இருந்த டப்பாக்களை எல்லாம் மேடையில் அடுக்க ஆரம்பித்தான்.

"எத்தனைடா இருக்கு?" என்றபடி சித்தி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உங்கம்மா பாத்திரம் தேய்ச்சு சம்பாதிச்சதெல்லாம் டப்பாவாத்தான் வாங்கியிருப்பா. என் வீட்டுக்கு வந்தாக்கூட டப்பாவோட வருவா, மூடியோட திரும்பிப் போவா."

அம்மாவின் சமையல் நாள் அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் அடுப்படியில் நிற்க அம்மாவின் முட்டி இடம் கொடுக்காது. அதனால் ஒரே நாளில் எல்லாம். விடியற்காலையிலேயே இரண்டு பெரிய பாத்திரம் ஏறிவிடும், ஒன்றில் பருப்பு, ஒன்றில் கோழி. காய்கறியை முக்கால் வேக்காட்டில் இறக்கிவிடுவாள். மிச்சக் கால் வேக்காடு திரும்பச் சூடாக்கும்போது வந்துவிடும். பாத்திரத்தை அப்படியே தண்ணீர் நிறைந்த அகலத் தொட்டிக்குள் இறக்கி ஆற வைப்பாள். சூட்டோடு ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்து டப்பா இளகும். டப்பாவில் விளிம்பு வரை ஊற்றமாட்டாள், ஒரு விரற்கடை விடுவாள். தண்ணீர் உறையும்போது பருக்கும், இடம் விடாவிட்டால் மூடி தெறிக்கும். அதையும் அவன்தான் சொன்னான். கடைசியில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, தேதியும் பண்டமும் எழுதி, டப்பா காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுவாள். உறைந்த டப்பாவில் எதுவும் ஒட்டாது.

மகன் ஒரு தடவை சொன்னால் போதும், அம்மா அதை விடவேமாட்டாள். அவன் வீட்டில் ஏதாவது ஒயர் வேலை பார்த்தால் சுவிட்சை இறக்கிவிட்டு அதில் கம்பெனியின் சிவப்புச் சீட்டை மாட்டுவான். லிஃப்ட் வேலையில் அதுதான் முதல் பாடம். இறக்கியவன்தான் ஏற்ற வேண்டும். "என் கூட்டாளி ஒருத்தன் மேல கயிறு மாத்திக்கிட்டு இருந்தான். கீழ எவனோ லிஃப்ட் ஓடலையேன்னு சுவிட்சத் தள்ளிட்டான். அவ்வளவுதான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சீட்டு தொங்கினால் அம்மா அந்தச் சுவரின் பக்கமே போகமாட்டாள்.

இருபத்திரண்டு டப்பாக்கள். அவற்றை அவன் தேதி வரிசையில் வைத்தான். வைத்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

ஏழு டப்பாக்களில் பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் துண்டு, நூல் சுற்றிக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தை. எனக்கு.

அம்மாவின் கையெழுத்து. 'க்' மேல் புள்ளி வட்டமாக, கடுகு அளவுக்கு.

அவன் அந்த ஏழில் ஒன்றைத் திறந்தான். பிறகு மற்ற பதினைந்தில் ஒன்றைத் திறந்தான். பதினைந்தில் இருந்த கோழி, மேலே மெல்லிய பனித்தூள் பூத்து, செய்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைத்தது போல இருந்தது. 'எனக்கு' டப்பாவில் பருப்பு அடியில் மண்டி போல இறங்கி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த பனிக்கட்டி தனியாக நின்றது. இளகியபோது தண்ணீர் பிரிந்திருக்கிறது. பிரிந்தபடியே மறுபடி உறைந்திருக்கிறது.

"சித்தி, இங்க பாருங்க. இதுல மட்டும் எனக்குன்னு எழுதியிருக்கு."

சித்தி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். பார்த்ததும் குரலைத் தணித்தாள். சித்தி குரலைத் தணிப்பது அபூர்வம். "நான் போன மாசம் வந்திருந்தேன்ல. எல்லாருக்கும் ஒரு டப்பாவ சுட வச்சா. அவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு. அதுல கொஞ்சம் குடுடின்னேன். கொடுக்கவேமாட்டேன்னுட்டா. எனக்குக் கோவம்கூட வந்துச்சு. 'இது உனக்கு ஒத்துக்காது'ன்னா. ஏன், எனக்கு ஒத்துக்காதது அவளுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

"அண்ணி அப்போ இருந்தாங்களா?"

"இருந்தா. ஒண்ணும் சொல்லலை." சித்தி கூடத்தின் பக்கம் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும். நான் வந்தவ, போறவ."

அவனுக்குள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் பொருந்த ஆரம்பித்தது. பழுதான லிஃப்டில் எந்த இடத்தில் ஓட்டம் நின்றது என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவது போல. இந்தப் பெட்டி ராத்திரி பூரா உறுமுகிறது, தூக்கமில்லை என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். கூடத்தில் இருந்ததைச் சமையலறைக்கு நகர்த்தச் சொன்னதும் அவள்தான். தூக்கத்துக்காக அணைத்திருப்பாள், போட மறந்திருப்பாள். இளகியதைப் பார்த்ததும் பயந்து ஒரு நட்டைத் தேடி மேலே வைத்திருப்பாள். நல்லதை அவர்கள் சாப்பிட, கெட்டதை ஒதுக்கி...

அதற்கு மேல் யோசிக்க அவனுக்கே கூசியது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

கூடத்தில் அண்ணி அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது போலப் பார்த்தான். மருந்துக்கடையில் நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கிய பழக்கம். எதையும் ஓரம் பிசகாமல் மடிப்பாள். மடித்த துணிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவன் நிற்பதைக் கண்டதும் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சாத்தியதில் ஒன்றுமில்லை. ஆனால் அவன் கண் அந்தக் கதவிலேயே நின்றுவிட்டது.

"அண்ணி, ஃப்ரீசர யாராவது அணைச்சீங்களா?"

"எப்போ?"

அவனிடம் அதற்குப் பதில் இருந்தது. 'எனக்கு' என்று எழுதிய ஏழு டப்பாக்களும் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமையோ அதற்கு முன்போ செய்தவை. அதற்கு அடுத்த சமையல் நாளிலிருந்து வந்த பதினைந்திலும் அந்தத் துண்டு இல்லை. ஆகவே இளகியது அந்த இரண்டு சமையலுக்கும் நடுவில். தேதியைச் சொன்னான். "இன்னையோட அஞ்சு வாரம் ஆகுது."

"எனக்குத் தெரியாது தம்பி."

"அம்மா தனி டப்பாவுல சாப்பிட்டாங்களே, அதாவது தெரியுமா?"

அண்ணியின் கை நின்றது. "தெரியும். கேட்டேன். எண்ணெய், காரம் கம்மியா எனக்குன்னு தனியா செஞ்சுக்கறேன்னாங்க. அப்போ ரெண்டு வாரம் எங்களுக்கு தினமும் புதுசா சமைச்சுப் போட்டாங்க. வயசானவங்க, சரின்னு விட்டுட்டேன்."

"எல்லாம் ஒரே பாத்திரத்துல செஞ்சதுதான் அண்ணி. தனியா எதுவும் செய்யலை. இளகிப்போனத எடுத்து அம்மாவுக்குன்னு ஒதுக்கியிருக்கு."

"யாரு ஒதுக்குனது?"

அவன் கண் மறுபடி அலமாரிக் கதவுக்குப் போனது.

"நான் ஒதுக்குனேன்னு சொல்றீங்க." அண்ணி எழுந்து நின்றாள். அழுது வீங்கிய முகம் சுருங்கியது. "நான்தான் ஃப்ரீசர அணைச்சேன், கெட்டுப்போனத அத்தைக்குப் போட்டேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்லிட்டா பரவாயில்லையே. மூணு நாளா உங்கம்மாவத் தூக்கித் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனது நான். நீங்க நாலாம் நாள் வந்தீங்க."

அண்ணன் பின்கட்டிலிருந்து வந்துவிட்டான். "என்னடா கேட்ட அவள?"

"நட்டு எப்படி மேல வந்துச்சுன்னு கேட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு? வீட்ட விட்டு அம்மா போயி ஒரு பொழுது ஆகலை. நட்டு, போல்ட்டுன்னு பொம்பளையப் புடிச்சு விசாரணை பண்ற. அதுவும் நீ சொல்ற அந்தச் சனி, ஞாயிறு நாங்க வீட்லயே இல்லை. இவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். திங்கக்கிழமை நேரா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம்தான் வந்தோம்."

"அதுக்கப்புறமும் பன்னெண்டு நாள் இருக்கு" என்றான் சின்னவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, அந்த வீட்டில் இனி அவன் கால் வைக்க முடியுமா என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது என்று. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணி உட்கார்ந்து, மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அவன் ஜன்னலுக்குப் போனான். டம்ளரில் பனிக்கட்டி முழுக்கக் கரைந்திருந்தது. இரண்டு நட்டும் அடியில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டையும் உள்ளங்கையில் எடுத்தான்.

ஒரே அளவு. இரண்டும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்கிற நட்டு. ஒன்று துருவேறிக் கறுத்திருந்தது; மூன்று வருடத்து நட்டு. மற்றொன்று பளிச்சென்று இருந்தது. இரண்டின் முகத்திலும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு, பாதியில் அறுந்த கோடு.

அந்தக் கோடு எல்லா நட்டிலும் இருக்காது. லிஃப்டில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரே இழுப்பாக மஞ்சள் கோடு போடுவார்கள். பிறகு நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கழற்றிப் போட்ட நட்டில் பாதிக் கோடு மிஞ்சும். ஊரில் எந்தக் கடையிலும் அப்படி ஒரு நட்டு கிடைக்காது. அவன் பையில்தான் கிடைக்கும்.

புது நட்டும் அவன் பையில் இருந்து வந்ததுதான்.

அவன் கடைசியாகப் பையோடு இந்த வீட்டுக்கு எப்போது வந்தான்? தலைக்கு மேல் புகைவிசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வந்தான். வந்த அன்று மேடை முழுக்கப் பாத்திரம், அம்மா சமையலில் இருந்தாள். சமையல் என்றால் சனிக்கிழமை. வீட்டில் வேறு யாரும் இல்லை. விசிறியை மாட்டி முடித்து ஏணியை விட்டு இறங்கும்போது போன் வந்தது, ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் நிற்கிறது, உள்ளே படுக்கையோடு நோயாளி. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதில் பை வாய் பிளந்து நட்டுகள் தரையில் சிதறின. "விடும்மா, அப்புறம் பொறுக்கிக்கறேன்" என்று கத்திக்கொண்டே படியிறங்கினான்.

"தம்பி."

பின்னால் அண்ணி நின்றாள். கையில் அந்த பிஸ்கட் டின்.

"இத உங்ககிட்டக் குடுக்கணும்னு அத்தை சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'அவன் பொருளு, அவன் கையிலதான் குடுக்கணும், பெரியவன் கண்ணுல படவேண்டாம்'னு. ஆஸ்பத்திரியிலகூட சொன்னாங்க. இவ்வளவு பேர் இருக்கும்போது வேண்டாமேன்னு எடுத்து வச்சேன்." டின்னை மேடையில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், "நான் திறந்து பாக்கலை. அதையும் சந்தேகப்படாதீங்க" என்றாள்.

அம்மா எழுதுகோல் வைக்கிற டின். மேலே வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள், கத்தரி, பேனா, நூல்கண்டு. அவற்றை எடுத்தான். அடியில் மஞ்சள் கோடு போட்ட நட்டுகள் மூன்று. அன்று சிதறியவை, ஒன்றைத் தவிர. நட்டுகளுக்குக் கீழே நாலாக மடிக்காமல், கசங்காமல், சிவப்பு அட்டை ஒன்று நூலோடு இருந்தது.

தொடாதே. ஆள் வேலையில் இருக்கிறார்.

அச்சடித்த எழுத்துக்குக் கீழே கோடு போட்ட இடத்தில் அவனுடைய கிறுக்கல். மாட்டியவர்: அவன் கையெழுத்து. நேரம்: சனிக்கிழமை, காலை 11.20.

அதற்குக் கீழ் இன்னொரு கோடு. எடுத்தவர். வேலை முடிந்ததும் இதையும் நிரப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் கோட்டில், வட்டப் புள்ளி வைக்கிற கையெழுத்தில், நிதானமாக எழுதியிருந்தது.

எடுத்தவர்: அம்மா. நேரம்: திங்கட்கிழமை, காலை 8.10.

அவன் அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவின் மூன்று அழைப்புகள் விட்டுப்போயிருந்தன. அவன் அன்று முழுக்க லிஃப்ட் குழிக்குள் இருந்தான். திங்கட்கிழமை காலை டீ குடித்துக்கொண்டே திருப்பிக் கூப்பிட்டான். "சொல்லும்மா" என்றான். "உன் சிவப்புச் சீட்டு இன்னும் தொங்குதுப்பா. நீ எங்கயாவது அந்த லைன்ல கை வச்சிருக்கியோன்னு நான் தொடலை" என்றாள். அவன் சிரித்தான். "அய்யோ, அது விசிறி லைன்தாம்மா, வேலை அன்னைக்கே முடிஞ்சிருச்சு. சீட்ட எடுத்துட்டு சுவிட்ச மேல தள்ளிவிடு." "சரிப்பா" என்றாள். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். கொஞ்சம் இருந்து, "இல்லப்பா. நீ சாப்ட்டியா?" என்றாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டான் சின்னவன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "இந்தப் பெட்டிய இங்க நகர்த்துனப்போ லைன் எங்க இருந்து குடுத்த?"

அண்ணன் வாசல்படி வரை வந்து நின்றான். பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான். "தனியா பிளக் இல்லை. விசிறிக்குப் போற லைன்ல இருந்து ஒண்ணு இழுத்தேன். ஏன், அதுவும் தப்பா?"

சின்னவன் சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்தான். இரண்டாவது வரிசை, மூன்றாவது சுவிட்ச். கீழே இறக்கினான்.

மேலே புகைவிசிறி நாலு சுற்று தளர்ந்து சுற்றி நின்றது. அதே நேரத்தில், இத்தனை நேரம் இருப்பதே தெரியாமல் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசரும் நின்றது. சமையலறையில் பொட்டுச் சத்தமில்லை. இளகத் தொடங்கிய டப்பா ஒன்றிலிருந்து மேடையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

அண்ணியின் கை தன்னையறியாமல் சுவிட்சின் பக்கம் போய், பாதியில் நின்றது. இறக்கியவன்தான் ஏற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் சிவப்பு அட்டையை மேடையில், அவர்கள் இரண்டு பேரும் படிக்கிற மாதிரி திருப்பி வைத்தான். அதன் மேல் பழைய நட்டை வைத்தான். பக்கத்தில் புது நட்டை வைத்தான்.

"சனிக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு இந்த சுவிட்ச இறக்கி, சீட்ட மாட்டி, எடுக்காமப் போனது நான்" என்றான். "திங்கக்கிழமை எட்டு பத்துக்கு ஏத்துனது அம்மா. நடுவுல நாப்பத்தஞ்சு மணி நேரம் ஃப்ரீசர் ஓடலை. இளகுனத கொட்டியிருந்தா குப்பைத்தொட்டியில நீ பாத்திருப்ப, என்னன்னு கேட்டு, அரைவேலைன்னு என்னத் திட்டியிருப்ப. அதனால அம்மா அதுல எல்லாம் எனக்குன்னு எழுதிக் கட்டிட்டு, அவங்களே சாப்பிட்டாங்க. இந்தப் பழைய நட்டு அன்னைக்கு விழுந்தது. இந்தப் புது நட்ட மேல வச்சது அம்மா."